முகம் மாறி வந்த வெர்னா

2023 பிப்ரவரி நடுவில் ஹூண்டாய் தன் புது வெர்னாவுக்கு முன்பதிவைத் தொடங்கியது. 25,000 ரூபாய் கட்டினால் பட்டியலில் பெயர் ஏறும். ஆனால் அன்றைக்கு வண்டியை யாரும் முழுதாகப் பார்த்திருக்கவில்லை. விலையும் சொல்லவில்லை. முகத்தை முக்கால்வாசி மறைத்த படங்களும் கோட்டோவியங்களுமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே விட்டார்கள்.

சரக்கைக் கண்ணில் காட்டாமல் முன்பணம் கேட்பது திருப்பூர்க்காரர்களுக்கு ஒட்டாத சங்கதி. இங்கே ஒரு டீ-ஷர்ட் ஆர்டர் என்றாலும் முதலில் புரோட்டோ சாம்பிள், பிறகு ஃபிட் சாம்பிள், சைஸ் செட், கடைசியில் பிபி சாம்பிள் என்று படிப்படியாகப் போகும். நிறத்துக்கு லேப் டிப் தனி. பையர் பார்த்து, தடவி, இழுத்து, துவைத்து, கையெழுத்துப் போட்ட பிறகுதான் கட்டிங் டேபிளில் துணி விரியும். காருக்கும் இந்தப் படிகள் உண்டு. முழு அளவு களிமண் உருவம் செய்கிறார்கள், மாதிரி வண்டிகள் கட்டுகிறார்கள், வெயிலிலும் மழையிலும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டிப் பார்க்கிறார்கள். வித்தியாசம் ஒன்றுதான். வாங்கப் போகிறவர் அந்த அறைக்குள் கிடையாது. அவர் கண்ணில் படுவதெல்லாம் கறுப்பு வெள்ளைக் கோலம் போட்ட ஸ்டிக்கரைப் போர்த்திக்கொண்டு நெடுஞ்சாலையில் ஓடும் சோதனை வண்டி மட்டும்.

அப்படியும் திருப்பூரிலிருந்து பணம் கட்டினவர்கள் உண்டு. அந்த நம்பிக்கை வண்டியின் படத்தைப் பார்த்து வந்ததில்லை, அதன் பரம்பரையைப் பார்த்து வந்தது.

அந்தப் பரம்பரை 1999-இல் தொடங்குகிறது. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் தொழிற்சாலை போட்ட ஹூண்டாய், 1998-இல் சாண்ட்ரோவையும், மறு வருடம் அக்டோபரில் ஆக்சென்ட்டையும் இறக்கியது. திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் பிறந்து அப்போது ஒன்பது வருடம். அம்பாசடர்தான் முதலாளி வண்டி என்றிருந்த ஊரில், பனியன் கம்பெனிக்காரர்களின் அடுத்த தலைமுறை ஏசி வேலை செய்கிற, பவர் ஸ்டியரிங் வைத்த, தனி டிக்கி உள்ள ஒரு காரைத் தேடிக்கொண்டிருந்தது. 2002-இல் ஆக்சென்ட் சிஆர்டிஐ டீசல் வந்ததும் கணக்கு நேராயிற்று. காலையில் பீளமேடு விமான நிலையம், மத்தியானம் டையிங், சாயங்காலம் ஈரோடு நூல் வியாபாரி என்று ஓடுகிறவருக்கு டீசல் என்றாலே மிச்சம்.

முதல் வெர்னா 2006 செப்டம்பரில் வந்தது. அதற்கு முந்தைய வருடம், 2005 ஜனவரி 1-ஆம் தேதியோடு, உலக ஜவுளி வர்த்தகத்தில் கோட்டா முறை ஒழிந்திருந்தது. இத்தனை உருப்படிதான் அனுப்பலாம் என்ற வரம்பு போனதால், ஐரோப்பிய, அமெரிக்க பையர்கள் நேரில் வந்து கம்பெனி பார்ப்பது அதிகமாயிற்று. கோவையில் இறங்கும் பையரைக் கூட்டி வர ஒரு கார் வேண்டும். அவர் பின்சீட்டில் காலை நீட்டி உட்கார வேண்டும். அவர் பெட்டியும் நம் சாம்பிள் பெட்டியும் ஒன்றாக டிக்கியில் அடங்க வேண்டும். 110 பிஎஸ் டீசல் எஞ்சினோடு வந்த அந்த வெர்னா அழகில் யாரையும் மயக்கவில்லை. உருண்டையான, அடக்கமான முகம். ஆனால் வேலை செய்தது.

மயக்கியது 2011. அந்த வருடம் திருப்பூருக்குக் கெட்ட வருடம். நொய்யலில் கலந்த சாயக்கழிவு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் ஜனவரி இறுதியில் போட்ட உத்தரவால் சாயப்பட்டறைகள் மொத்தமாக மூடப்பட்டன. கழிவுநீர் ஒரு சொட்டுக்கூட வெளியே விடாத சுத்திகரிப்பு இருந்தால்தான் திறக்கலாம் என்ற நிலை. நிட்டிங் துணியை வெளியூருக்கும் வெளி மாநிலத்துக்கும் லாரியில் அனுப்பிச் சாயம் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அந்த மே மாதம் ‘ஃப்ளூயிடிக்’ வெர்னா அறிமுகமாயிற்று. பக்கவாட்டில் தண்ணீர் ஓடிய தடம் போல வளைந்த கோடுகள், நீட்டி இழுத்த விளக்குகள், 1.6 லிட்டர் டீசலில் 128 பிஎஸ். ஆரம்ப விலை 6.99 லட்சம். பெட்ரோல் விலையை அரசு 2010 ஜூனில் கட்டவிழ்த்துவிட்டிருந்தது, டீசலை 2014 அக்டோபர் வரை பிடித்து வைத்திருந்தது. பத்து லட்சத்தைச் சுற்றிய விலையில் வேகமும், மலிவான எரிபொருளும், பார்ப்பவர் திரும்பிப் பார்க்கிற உருவமும் ஒன்றாகக் கிடைத்தன. சாயத்துக்காகப் பெருந்துறைக்கும் அதைத் தாண்டியும் நாள்தோறும் அலைந்தவர்களுக்கு இந்த வண்டி அந்த வருடமே பொருந்திப் போயிற்று. இன்றைக்கும் பழைய வண்டிச் சந்தையில் ‘ஃப்ளூயிடிக்’ என்று சொன்னால் போதும், வெர்னா என்று சேர்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

2015-இல் கொஞ்சம் திருத்தினார்கள். 2017 ஆகஸ்டில் புது அடித்தளத்தில் அடுத்த தலைமுறை வந்தது, அடுத்த வருடத்துக்கான ‘இந்தியன் கார் ஆஃப் தி இயர்’ பரிசையும் வாங்கியது. ஆனால் அதற்குள் அதே இருங்காட்டுக்கோட்டையில் பிறந்த இன்னொரு பிள்ளை வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. 2015 ஜூலையில் வந்த கிரெட்டா. அதே கம்பெனி, ஏறக்குறைய அதே விலை, ஆனால் உயரம். ஏறி உட்காரக் குனிய வேண்டாம், குழியில் அடி தட்டாது, எதிரே வருகிற லாரி டிரைவர் கண்ணுக்கு நேராகத் தெரியும். செடானின் வாடிக்கையாளர் ஒவ்வொருவராக அங்கே போனார்.

ஆகவே 2023 வெர்னா பழைய வெர்னாவோடும் ஹோண்டா சிட்டியோடும் மட்டும் போட்டி போடவில்லை. ஸ்கோடா ஸ்லாவியா 2022 தொடக்கத்திலும், ஃபோக்ஸ்வாகன் வெர்டஸ் அதே வருடம் ஜூனிலும் வந்திருந்தன. சிட்டி 2023 மார்ச் முதல் வாரத்தில் முகம் திருத்திக்கொண்டு நின்றது. இவை அனைத்துக்கும் மேலே கிரெட்டா என்ற சொந்தத் தம்பி.

மார்ச் 21-ஆம் தேதி துணி விலகியது. முந்தைய வண்டியைவிட 95 மில்லிமீட்டர் நீளம் கூடி 4,535 ஆகியிருந்தது. அகலம் 36 கூடி 1,765. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே உள்ள தூரம் 70 கூடி 2,670. டிக்கி 480 லிட்டரிலிருந்து 528 லிட்டர். பானெட் விளிம்பில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை ஒரே விளக்குக் கோடு. ஹெட்லைட் கீழே பம்பருக்கு இறங்கியிருந்தது. பக்கவாட்டில் கத்தியால் கீறிய மாதிரி மடிப்புகள். கூரை பின்னால் வழிந்து டிக்கியோடு ஒட்டியது. பின்னாலும் அந்தக் கடைசியிலிருந்து இந்தக் கடைசி வரை சிவப்பு விளக்கு. எஞ்சின் இரண்டு: 115 பிஎஸ் தரும் 1.5 லிட்டர் பெட்ரோல், 160 பிஎஸ் தரும் 1.5 லிட்டர் டர்போ பெட்ரோல். ஆரம்ப விலை 10.90 லட்சம்.

டீசல் இல்லை. 2023 ஏப்ரல் 1 முதல், சோதனைக் கூடத்தில் மட்டுமல்லாமல் சாலையில் ஓடும்போதும் புகையை அளக்கும் விதி வந்தது. அதற்குத் தக்கபடி டீசல் எஞ்சினைத் திருத்தச் செலவு அதிகம். கிரெட்டாவுக்கு அந்தச் செலவைச் செய்த கம்பெனி வெர்னாவுக்குச் செய்யவில்லை. திருப்பூரில் அந்தப் பெயரை நிலைநாட்டியதே டீசல்தான். அது போனதோடு வண்டியின் வேலையே மாறிவிட்டது.

இருங்காட்டுக்கோட்டையிலிருந்து இந்தச் சரக்கு இரண்டு பக்கம் போகிறது. ஒரு பங்கு துறைமுகத்துக்குப் போய்க் கப்பலேறி, வளைகுடா நாடுகளில் ஆக்சென்ட் என்ற பழைய பெயரிலேயே விற்பனையாகிறது. இன்னொரு பங்கு மூடிய கார் லாரியில் ஏறி உள்நாட்டுக்கு வருகிறது. வேலூர், கிருஷ்ணகிரி, தொப்பூர் கணவாய் இறக்கம், சேலம், சங்ககிரி, பவானி, பெருந்துறை, செங்கப்பள்ளி, பெருமாநல்லூர். எதிர்த்திசையில் அதே சாலையில் திருப்பூர்த் துணி லாரிகள் போய்க்கொண்டிருக்கும். வந்து இறங்கிய வண்டியை ஷோரூம்காரர்கள் பெயின்ட், கண்ணாடி, விளக்கு, டயர், பேட்டரி என்று ஒவ்வொன்றாகச் செக் பண்ணி, கழுவி, கதவுகளில் பிளாஸ்டிக் ஒட்டியபடியே உள்ளே நிறுத்துகிறார்கள்.

அங்கே நடக்கிற முதல் பார்வை இந்த ஊருக்கே உரியது. எந்த ஷோரூமில் போய் நின்றாலும் இந்த மாதிரிப் பேச்சு காதில் விழும்.

“அப்பா, முன்னாடி வந்து பாருங்க. இந்தக் கோடு முழுசும் எரியுமுங்க.”

“எரியட்டும் கண்ணு. மொதல்ல டிக்கியத் தொறக்கச் சொல்லு.”

விற்பனைப் பையன் ஓடி வந்து திறக்கிறான். “528 லிட்டருங்க சார்.”

“லிட்டரெல்லாம் நமக்குத் தெரியாதுங்க தம்பி. ரெண்டு சாம்பிள் பெட்டியும் ஒரு பெரிய சூட்கேசும் படுக்குமா?”

படுக்கும். மூன்றாவது பெட்டியும் படுக்கும். அங்கே வெர்னா முதல் மதிப்பெண் வாங்கிவிடுகிறது. அப்பா பின்கதவைத் திறந்து ஏறப் பார்க்கிறார். கூரை தாழ்ந்து வருகிற இடம் அது. தலையைக் குனிந்து, இடுப்பை இறக்கி உட்கார வேண்டும். உட்கார்ந்த பிறகு கால் நீட்ட தாராளமான இடம். 70 மில்லிமீட்டர் எங்கே போனது என்று முட்டிக்குத் தெரியும். ஆனால் தலைக்கு மேலே அந்தத் தாராளம் இல்லை.

“குனிஞ்சு ஏறோணுமாட்ட இருக்குது. உங்கம்மாளுக்கு முட்டி வேற வலி.”

“அம்மா முன்னாடி உக்காந்துக்கட்டுங்ப்பா.”

“செரி. பையர் வந்தா அவரையுமா முன்னாடி உக்கார வெப்ப?”

மகனிடம் அதற்குப் பதில் இல்லை. அவன் ஏற்கெனவே ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து, அகலமாக ஓடும் இரண்டு திரைகளைத் தடவிக்கொண்டிருக்கிறான். 10.25 அங்குலத் திரை, அதன் கீழே ஒரே பொத்தான் வரிசை. ஒரு தடவை தட்டினால் ஏசிக்கு, இன்னொரு தடவை தட்டினால் பாட்டுக்கு என்று அதுவே மாறுகிறது. முன்சீட்டுகளில் குளிர்காற்று வருகிறது. அதே சீட்டைச் சூடாக்கவும் ஒரு வசதி வைத்திருக்கிறார்கள். பங்குனி வெயிலில் திருப்பூரில் நின்றுகொண்டு அந்தப் பொத்தானைப் பார்ப்பவர் சிரிக்காமல் இருப்பது சிரமம்.

அப்பாவின் கை இதற்குள் சீட்டு உறைக்குப் போயிருக்கும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஓரத்தைப் பிடித்து ஒரு தேய்ப்பு. கனத்தை விரலே சொல்லும். பிறகு தையல் ஓரத்தை இரண்டு பக்கமும் மெல்ல இழுத்து, நூல் பல் இளிக்கிறதா என்று பார்ப்பார். அடுத்து தலையைத் தூக்கி மேல்கூரைத் துணி. கார்களின் கூரைத் துணி பெரும்பாலும் பின்னல் துணிதான். வாழ்நாள் முழுக்க பின்னலாடையில் புரண்டவர் அதை ஒரு கணத்தில் அடையாளம் கண்டுகொள்கிறார். நிறத்தில் இன்னும் கறார். புதிதாக வந்த ‘டெல்லூரியன் பிரவுன்’ ஷோரூம் விளக்கில் ஒரு மாதிரி, வாசல் வெயிலில் வேறு மாதிரி தெரிகிறது என்பார். சாயப்பட்டறையில் லைட் பாக்ஸுக்குள் வைத்து ஷேடு பார்த்தவரிடம் பழுப்பைப் புகழ்ந்து பேசி ஜெயிக்க முடியாது. கடைசியில் வெள்ளைதான் புக் ஆகும்.

முகத்தைப் பற்றி இரண்டு கட்சி. சின்னவர்களுக்கு அந்த விளக்குக் கோடு பிடித்துப் போயிற்று. பெரியவர்களுக்கு ஹெட்லைட் பம்பருக்கு இறங்கியது பிடிக்கவில்லை. லேசாக இடித்தாலே செலவு அங்கே என்று அவர்கள் கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கிலும் நியாயம் உண்டு. மாலையில் குமரன் ரோட்டில் ஊர்ந்து பார்த்தவருக்கு முன்பம்பர் ஓர் அலங்காரப் பொருள் அல்ல.

அந்த வருடம் முந்திக்கொண்டவர்களுக்கு வரியில் ஒரு லாபம் இருந்தது. 10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்குத் தமிழ்நாட்டில் சாலை வரி அப்போது 15 சதவீதம். 2023 நவம்பரில் அது 10 முதல் 20 லட்சம் வரையிலான வண்டிகளுக்கு 18 ஆக ஏறியது. 15 லட்ச ரூபாய் வண்டிக்கு அந்த மூன்று சதவீதம் 45,000 ரூபாய். சித்திரை ஒன்றுக்கும், ஏப்ரல் 22-இல் வந்த அட்சய திருதியைக்கும் டெலிவரி எடுத்துச் சிவன்மலைக்கோ அவினாசி கோயிலுக்கோ போய்ப் பூஜை போட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுக்கினவர்கள் இதைத் தெரிந்து செய்யவில்லை. ஆனாலும் மிச்சம் மிச்சம்தான். வடக்கு ஆபீஸ் என்றால் டிஎன் 39, தெற்கு என்றால் டிஎன் 42. எண்ணுக்குத் தனியாகப் பணம் கட்டுவதும் இந்த ஊரில் வண்டி விலையின் ஒரு பகுதி.

ஓட ஆரம்பித்த பிறகுதான் வண்டி யாருக்காக வரையப்பட்டது என்பது தெளிவாயிற்று. மேல் ரகங்களில் ராடாரும் கேமராவும் சேர்ந்து முன்வண்டியோடு இடைவெளி பார்க்கின்றன, கோட்டை விட்டு விலகினால் ஸ்டியரிங்கை மெல்லத் திருப்பிவிடுகின்றன. செங்கப்பள்ளியிலிருந்து நீலாம்பூர் வரை ஆறுவழிச் சாலையில் இது அருமையாக வேலை செய்கிறது. அதே வண்டி ஷிஃப்ட் விடுகிற நேரத்தில் புஷ்பா ஸ்டாப்புக்கு வந்தால், இடமும் வலமும் புகுந்து போகும் டூவீலர்களைப் பார்த்து ஓயாமல் கத்துகிறது. பெரும்பாலோர் ஊருக்குள் அதில் பாதியை அணைத்துவிட்டுத்தான் ஓட்டுகிறார்கள். சந்துகளில் திருப்பும்போது நான்கு பக்கமும் காட்டும் கேமரா இருந்தால் உதவும். 2023 வெர்னாவில் அது இல்லை.

160 பிஎஸ் டர்போ அப்போதைக்கு இந்த வகை செடான்களில் மிக வலுவானது. அவினாசி தாண்டி ஒரு தடவை அழுத்தினால் ஏன் என்று தெரியும். அதைத் தெரிந்துகொள்ள ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க வேண்டும். பின்சீட்டில் செய்தித்தாள் படிப்பவருக்கு 115 பிஎஸ்ஸும் 160-உம் ஒன்றுதான். ஆக்சென்ட் காலத்தில் இந்த ஊரில் டிரைவர் முன்னால், முதலாளி பின்னால். 2023-இல் முதலாளியின் மகன் அல்லது மகள் முன்னால், பெரியவர் பின்னால், டிரைவர் கம்பெனி வேனில். வடிவமைத்தவர்கள் திருப்பூரை மனதில் வைத்து வரைந்திருக்க மாட்டார்கள். ஆனால் அவர்கள் போட்ட கணக்கும் இங்கே நடந்த தலைமுறை மாற்றமும் ஒத்துப் போயின. கம்பெனி பின்சீட்டின் தலைக்கு மேலிருந்த உயரத்தை ஓட்டுபவரின் ஆசைக்கு விட்டுக்கொடுத்தது, பின்சீட்டுக்காரருக்குக் கால்நீட்டத்தைக் கொடுத்துச் சமாதானம் செய்தது.

அக்டோபரில் மோதல் சோதனை முடிவு வந்தது. குளோபல் என்கேப் அமைப்பு பெரியவர் பாதுகாப்புக்கு 34-இல் 28.18 புள்ளியும், குழந்தைகள் பாதுகாப்புக்கு 49-இல் 42 புள்ளியும் கொடுத்தது. இரண்டிலும் ஐந்து நட்சத்திரம். விளம்பரத்தில் நட்சத்திரங்கள் பெரிதாக வந்தன. அறிக்கையில் இன்னொரு வரியும் இருந்தது. வண்டியின் உடற்கூடு, மேலும் அழுத்தம் வந்தால் தாங்கும் நிலையில் இல்லை என்பதே அது. ஆறு காற்றுப்பைகள் எல்லா ரகத்திலும் இருப்பது பெரிய விஷயம். அதோடு இந்த வரியையும் சேர்த்துப் படிப்பதுதான் முறை. லேபிளில் நூறு சதவீதம் காட்டன் என்று இருந்தாலும் துணியைத் துவைத்துப் பார்த்துத்தான் ஏற்றுக்கொள்ளும் ஊருக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

2024-25 நிதியாண்டில் திருப்பூர் ஏற்றுமதி சுமார் 40,000 கோடி ரூபாயைத் தொட்டது. அந்த மகிழ்ச்சி ஆறுவதற்குள், 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. ஆர்டர்கள் நின்றன, விலையைக் குறை என்று பையர்கள் கேட்டார்கள். ஒரு மாதம்கூட ஆகாமல், செப்டம்பர் 22 முதல் நாட்டில் ஜிஎஸ்டி மாறியது. நான்கு மீட்டருக்கு மேற்பட்ட, 1,500 சிசி வரையிலான செடானுக்கு ஜிஎஸ்டியும் செஸ்ஸுமாக இருந்த 45 சதவீதம் 40 ஆனது. நான்கு மீட்டருக்குள் அடங்கும் சின்னக் கார்களுக்கோ 18 சதவீதம். வெர்னாவின் விலை இறங்கிய அதே மாதம், வாங்க நினைத்தவரின் கை இறுகியது. இறங்கியதிலும் சின்ன வண்டிக்குக் கிடைத்த சலுகை இதற்குக் கிடைக்கவில்லை. நீளத்தை 95 மில்லிமீட்டர் கூட்டியதற்கு வரி தனியாக ஏறவில்லை என்பது உண்மை. ஆனால் நான்கு மீட்டர் என்ற கோட்டைத் தாண்டி நிற்கிற எந்தச் செடானும் அந்தச் சுமையைச் சுமந்துதான் ஆக வேண்டும்.

2023-இல் வந்த வண்டிகளில் சில இப்போது இரண்டாவது கைக்கு மாறுகின்றன. பார்ட்னர்ஷிப் பிரிந்தவர், கிரெட்டாவுக்கு மாறுகிறவர், யூனிட்டைச் சுருக்குகிறவர் கொடுக்கிறார்கள். மெர்ச்சண்டைசராக இருந்து சொந்தமாக ஜாப் ஒர்க் யூனிட் போட்டவர்கள் வாங்குகிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு இது முதல் செடான். அவர்களே ஓட்டுகிறார்கள், டிக்கியில் பீஸ் மூட்டை ஏறுகிறது, பின்சீட்டில் பிள்ளைகள் நிமிர்ந்தே உட்கார்ந்திருக்கிறார்கள். கூரை தாழ்வு என்ற குறையை அந்தப் பிள்ளைகள் சொல்ல இன்னும் பத்து வருடம் ஆகும்.

ஆகவே இந்த வண்டியைப் பார்க்கப் போகிறவர் வீட்டிலேயே ஒரு கேள்வியை முடித்துக்கொண்டு போவது நல்லது: யார் ஓட்டப் போகிறார்? ஓட்டுபவர்தான் பணமும் கட்டுகிறார் என்றால், இந்த விலையில் இவ்வளவு வலுவும், இவ்வளவு டிக்கியும், நெடுஞ்சாலையில் இந்த நிதானமும் தருகிற வண்டிகள் குறைவு. தயங்காமல் டர்போவை எடுக்கலாம். பெரியவர்களையும் பையரையும் ஏற்றி இறக்குவதுதான் முதல் வேலை என்றால், புக் பண்ணுவதற்கு முன் முட்டிவலிக்கார அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பின்சீட்டில் மூன்று தடவை ஏறி இறங்கச் சொல்லுங்கள். அவர் முகம் சுளித்தால், எதிரே நிற்கிற கிரெட்டாவின் சாவியைக் கேளுங்கள். கம்பெனிக்கு இரண்டும் ஒன்றுதான், உங்களுக்கு ஒன்றல்ல.